கரண்டு காரும் கடைசிப் படியும்

"கரண்டு காருக்கு வீட்டிலேயே சார்ஜ் போட்டால் எவ்வளவு ஆகும்?" இந்தக் கேள்வி இப்போது பசுவந்தனை வரைக்கும் வந்துவிட்டது. வராமல் எப்படி இருக்கும்? 2025 ஆகஸ்ட் 4ஆம் தேதி தூத்துக்குடி சிப்காட்டில் வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் கம்பெனியின் மின்சாரக் கார் தொழிற்சாலையே திறந்தாகிவிட்டது. அதற்கு முன்பிருந்தே சென்னை, பெங்களூரில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகள் பச்சை நம்பர் பிளேட் வண்டியில் ஊருக்கு வந்துகொண்டிருக்கிறார்கள்.

கோவில் பக்கத்து டீக்கடையில் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் கிடைக்கும். ஒன்று, "கிலோமீட்டருக்கு ஒரு ரூவாதான் அண்ணாச்சி, பெட்ரோலுக்குக் கொட்டுற காசெல்லாம் மிச்சம்." இன்னொன்று, "அதெல்லாம் பேச்சு. கரண்டு பில்லு பத்தாயிரம் வந்து நிக்கும், பாருங்க." இரண்டு பேரிடமும் கேட்டுப் பார்த்தேன். இருவருமே காகிதத்தில் கணக்குப் போட்டவர்கள் இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தே காலத்தைக் கழித்தவன். அதனால் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். வந்த விடையைவிட அது காட்டிய வேறொரு விஷயம்தான் இதை எழுத வைத்தது.

முதலில் ஒரு யூனிட் என்றால் எவ்வளவு என்பதை நம் பழைய வழக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளுக்கு முதன்முதலில் லைட் வந்தபோது திண்ணையில் தொங்கியது 40 வாட்ஸ் குண்டு பல்பு. ஒரு யூனிட் மின்சாரத்தில் அந்த பல்பு 25 மணி நேரம் எரியும். காரோடு கொடுக்கும் சாதாரண வீட்டு சார்ஜர் 3.3 கிலோவாட். அதே ஒரு யூனிட்டை அது 18 நிமிடத்தில் குடித்துவிடும். 30 யூனிட் பிடிக்கும் ஒரு சின்னக் காரின் பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தை வைத்து அந்தக் குண்டு பல்பை இரவு பகல் அணைக்காமல் ஒரு மாதம் எரிக்கலாம். "ஆளில்லாத ரூமுல லைட் எதுக்கு?" என்று அம்மா சத்தம் போட்டு வளர்த்த தலைமுறைக்கு இது கொஞ்சம் தூக்கிவாரிப் போடத்தான் செய்யும்.

பயப்பட வேண்டாம். அந்த ஒரு யூனிட்டில் கார் எவ்வளவு தூரம் போகும் என்பதையும் பார்க்க வேண்டும். நடுத்தரமான மின்சாரக் கார் ஒன்று, சார்ஜ் ஏறும்போது வீணாகும் பத்துப் பதினைந்து சதவீதத்தைக் கழித்து, வீட்டு மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். ஏ.சி. போட்டு நாலுவழிச் சாலையில் நூறில் விரட்டினால் குறையும். கோவில்பட்டி ரோட்டில் நிதானமாகப் போனால் கூடும். 100 யூனிட்டுக்கு 600 கிலோமீட்டர். பசுவந்தனையிலிருந்து கோவில்பட்டிக்குப் போய்வர 40 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டால், 15 தடவை போய் வந்துவிடலாம்.

இனி ரூபாய்க்கு வருவோம். 2024 ஜூலையில் வந்த வீட்டு மின்கட்டணத்தை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் முடித்துக்கொள்ளும் வீடுகளுக்கு 101 முதல் 200 வரை யூனிட் 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. ஐந்நூறைத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை போய்விடும். 101இலிருந்தே 4.70 ஆகிவிடும். பிறகு 600 வரை 8.40, 800 வரை 9.45, ஆயிரம் வரை 10.50, அதற்கு மேல் 11.55. இப்படி ஏணி மாதிரி ஏறும்.

இப்போது நம் தெருவில் இருக்கக்கூடிய நாலு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு வீட்டிலும் ஒரே கார், இரண்டு மாதத்தில் ஒரே 600 கிலோமீட்டர், ஒரே 100 யூனிட்.

முதல் வீட்டில் வயதான ஒருவர் தனியாக இருக்கிறார். இரண்டு லைட், ஒரு ஃபேன், ஒரு டி.வி. மொத்தம் 60 யூனிட், பில் பூஜ்யம். கார் சேர்ந்தால் 160 யூனிட். பில் 141 ரூபாய். காருக்கான செலவு கிலோமீட்டருக்கு 24 பைசாகூட இல்லை.

இரண்டாவது வீடு ஃபிரிட்ஜும் மிக்சியும் மோட்டாரும் உள்ள சாதாரணக் குடும்பம். 300 யூனிட், பில் 705 ரூபாய். கார் சேர்ந்தால் 400 யூனிட், 1,175 ரூபாய். கூடுதல் 470. கிலோமீட்டருக்கு 78 பைசா.

மூன்றாவது வீட்டில் கோடையில் ஒரு ஏ.சி. ஓடுகிறது. 480 யூனிட், 1,679 ரூபாய். கார் சேர்ந்தால் 580 யூனிட், 2,712 ரூபாய். கூடுதல் 1,033. கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 72 பைசா.

நான்காவது வீட்டில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், இரண்டு ஏ.சி. 900 யூனிட். கார் சேர்ந்தால் ஆயிரம். கூடுதல் 1,050. கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 75 பைசா.

ஒரே சரக்கு, ஒரே மின்வாரியம், ஒரே தெரு. ஒருவருக்கு 141 ரூபாய், இன்னொருவருக்கு 1,050 ரூபாய். ஏழு மடங்குக்கு மேல் வித்தியாசம். "வீட்டில் சார்ஜ் போட்டால் எவ்வளவு?" என்று பொதுவாகக் கேட்பது, "கல்யாணச் செலவு எவ்வளவு?" என்று கேட்பது மாதிரிதான். யார் வீட்டுக் கல்யாணம் என்று தெரியாமல் சொல்ல முடியாது. வீட்டுக்கு ஏற்கெனவே ஓடும் யூனிட்டுக்கு மேலே போய்த்தான் கார் உட்காருகிறது. ஆகவே ஏணியின் கடைசிப் படியில் என்ன விலையோ, அதுதான் காரின் விலை.

அதிலும் அந்த 500 என்ற எண்ணைக் கவனித்து வையுங்கள். 500 யூனிட்டுக்கு பில் 1,805 ரூபாய். 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய் 40 பைசா. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய். ரீடிங் எடுக்கும் தேதி நெருங்கும்போது 490இல் நிற்கும் வீட்டில் ராத்திரி காரைச் சொருகிவிட்டுத் தூங்கினால், காலையில் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கும்.

கார் வாங்க நினைப்பவர்கள் ஷோரூமுக்குப் போகும் முன்னால் கடந்த ஒரு வருடத்தின் ஆறு பில்லையும் எடுத்து வரிசையாக வையுங்கள். மார்கழி பில்லும் சித்திரை பில்லும் ஒன்றாக இருக்காது. எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

மீதிப் பாதி, எவ்வளவு ஓட்டப்போகிறீர்கள் என்பது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டும் குடும்பம் ஒன்று, நான் சொன்ன இரண்டாவது வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு 2,000 கிலோமீட்டர், 333 யூனிட். பில் 705இலிருந்து ஏறக்குறைய 3,192 ரூபாய்க்குப் போகும். கூடுதல் 2,487. அதே தூரத்துக்கு லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் கார் 125 லிட்டர் குடிக்கும். லிட்டர் நூறு ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் 12,500. பத்தாயிரம் ரூபாய் மிச்சம். கரண்டு பில் பத்தாயிரம் வரும் என்று பயமுறுத்தியவருக்கு இது பதில்.

ஆனால் நம்மைப் போன்ற ஓய்வூதியக்காரர்கள் எவ்வளவு ஓட்டுகிறோம்? ஆஸ்பத்திரி, ஒரு கல்யாணம், ஒரு துக்கம், மாதத்தில் ஒரு நாள் திருச்செந்தூர். 300 கிலோமீட்டர் தாண்டினால் அதிகம். கிலோமீட்டருக்கு 5 ரூபாய் மிச்சம் என்றால் மாதம் 1,500. மின்சாரக் கார் அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிட மூன்று லட்சம் கூடுதல் என்று வைத்தால், அந்த மூன்று லட்சத்தைத் திரும்ப எடுக்க 200 மாதம் ஆகும். பதினாறு வருடத்துக்கு மேல். அந்தப் பணத்தை அஞ்சலகத்தில் போட்டு வட்டியில் பெட்ரோல் போட்டுக்கொள்ளலாம். ஓடுகிற வண்டிக்குத்தான் கரண்டு லாபம். நிற்கிற வண்டிக்கு எது போட்டாலும் ஒன்றுதான்.

இன்னொரு விஷயம் கொஞ்சம் சங்கடமானது. ஆனாலும் சொல்ல வேண்டியது. பொங்கலுக்குப் பிள்ளைகள் பெரிய மின்சாரக் காரில் வருகிறார்கள். பத்து நாள் தங்கி, ராஜபாளையம், குற்றாலம், கன்னியாகுமரி என்று சுற்றுகிறார்கள். ராத்திரியானால் அம்மா வீட்டுப் பிளக்கில் சார்ஜ். 200 யூனிட் ஏறிவிடுகிறது. 60 யூனிட் ஓட்டி பூஜ்யம் பில்லே பார்த்துப் பழகிய அம்மாவுக்கு அந்தத் தடவை 517 ரூபாய் வருகிறது. பையனைப் பொறுத்தவரை அதே 200 யூனிட்டை நெடுஞ்சாலை ஓரத்து வேகச் சார்ஜரில் யூனிட் 20 ரூபாய் என்று போட்டிருந்தால் 4,000 ஆகியிருக்கும். 517 என்பது அவனுக்கு ஒரு வேளைப் பிரியாணிக் காசு. முதியோர் உதவித்தொகையில் குடித்தனம் செய்பவளுக்கு அது அரிசியும் மாத்திரையும். அவள் வாய் திறந்து கேட்க மாட்டாள். "பிள்ளை வந்துட்டுப் போயிருக்கான், அதுக்குப் போயி கணக்குப் பாக்கவா?" என்பாள். கணக்குப் பார்க்க வேண்டியது பிள்ளைதான். கிளம்பும்போது ஒரு ஆயிரம் ரூபாயை "கரண்டுக்கு வச்சுக்கோங்கம்மா" என்று கையில் கொடுத்துவிட்டுப் போனால் அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

அந்த வீட்டின் ஒயரிங்கையும் யோசிக்க வேண்டும். 3.3 கிலோவாட் சார்ஜர் ஏழெட்டு மணி நேரம் விடாமல் 14, 15 ஆம்பியர் இழுக்கும். இஸ்திரிப் பெட்டி மாதிரி பத்து நிமிடத்தில் ஓய்ந்துவிடாது. முப்பது வருடத்துக்கு முன் போட்ட ஒயரும் கருகிய பிளக் பாயிண்டும் இதைத் தாங்காது. தனி ஒயர், தனி எம்.சி.பி., நல்ல 15 ஆம்ப் சாக்கெட் அவசியம். எல்லாவற்றுக்கும் மேலே எர்த்து. நம் கரிசல் மண் மழையில் பசையாக ஒட்டும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மண் காய்ந்து விலகினால் எர்த்துக் கம்பிக்கும் மண்ணுக்கும் ஒட்டு இருக்காது. எர்த்து சரியில்லை என்று சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நின்றுகொள்ளும். அப்படி நிற்பது நல்லதுதான், உயிர் மிச்சம். எர்த்துக் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். வேகமாக ஏறும் 7 கிலோவாட் சார்ஜர் வேண்டுமென்றால் வீட்டின் அனுமதிக்கப்பட்ட மின்பளுவை உயர்த்தி, பெரும்பாலும் மூன்று ஃபேஸ் இணைப்பும் வாங்க வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் கார் விலையோடு சேர்த்துப் பாருங்கள். தோட்டத்துப் பம்புசெட் இணைப்பில் சொருகும் யோசனை யாருக்காவது வந்தால் அப்போதே விட்டுவிடுங்கள். இலவச விவசாய மின்சாரத்தை வேறு வேலைக்கு எடுப்பது சட்டப்படி குற்றம்.

இனி என் மனதில் உறுத்திய விஷயம். நாலு வீட்டுக் கணக்கையும் மறுபடி பாருங்கள். அதிகபட்சமே கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 75 பைசாதான். நம்மூரில் உளுந்து மூட்டையையும் உர மூட்டையையும் முன்னால் வைத்துக்கொண்டு, பின்னால் மனைவியையும் ஏற்றிக்கொண்டு போகிறாரே மானாவாரி விவசாயி, அவருடைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டி லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்தாலும் அவருக்குக் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் ஆகிறது. பதினைந்து லட்ச ரூபாய்க் காரில் ஏ.சி. போட்டுப் போகிறவருக்கு 24 பைசாவில் தொடங்குகிறது. பெட்ரோலுக்கு அவர் வரியும் சேர்த்துக் கட்டுகிறார். காருக்கு ஏறும் யூனிட்டில் ஒரு பகுதி அரசு மானியத்தில் வருகிறது.

முதல் 100 யூனிட் இலவசம் என்ற உத்தரவு 2016 மே மாதம் வந்தது. அது ஏழை வீட்டு லைட்டுக்கும் ஃபேனுக்குமாக வந்தது. பிள்ளைகள் படிக்கவும், கிழவர்கள் புழுங்காமல் தூங்கவும். காரின் பேட்டரியை நிரப்ப அல்ல. கார் வைத்திருப்பவர்கள் மீது எனக்குப் பொறாமை இல்லை. புகை குறைகிறது, பெட்ரோலுக்கு வெளிநாட்டுக்குப் போகும் பணம் குறைகிறது. நல்லதுதான். ஆனால் இப்போதுள்ள ஏணிக் கட்டணம் காருக்காகச் செய்தது இல்லை. தனியாள் வீட்டில் அது காருக்கு மானியம் கொடுக்கிறது. கூட்டுக்குடும்பத்தில் அதே காருக்கு 10 ரூபாய் 50 பைசா வாங்குகிறது. ஆறு பேர் ஒரே கூரையின் கீழ் இருப்பதற்குத் தண்டனை, ஒருவர் தனியாக இருப்பதற்குப் பரிசு. இது எந்த ஊர் நியாயம்?

இதில் நம் வட்டாரத்துக்குச் சொல்லும் உரிமையும் இருக்கிறது. தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986இல் தூத்துக்குடி பக்கத்து முள்ளக்காட்டில்தான் வந்தது. கயத்தாற்றில் காற்றாலைகளைச் சோதிக்கும் மத்திய அரசு நிலையமே இருக்கிறது. கம்பும் பருத்தியும் விளைந்த கரிசல் காடுகளில் இன்று சோலார் தகடுகள் விளைகின்றன. கோடை வெயிலில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வெளியே தலைகாட்ட முடியாது. அந்த நேரத்தில் சோலார் மின்சாரம் ஏராளம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எல்லா வீட்டிலும் லைட், டி.வி., ஏ.சி. என்று ஒரே நேரத்தில் இழுக்கும்போது சூரியன் மறைந்திருக்கும். அப்போது மின்வாரியம் வெளியிலிருந்து அதிக விலைக்கு வாங்கி ஓட்ட வேண்டும்.

காரை எப்போது சார்ஜ் செய்தால் நாட்டுக்கு நல்லது? பகலில். பகலில் யாருடைய கார் வீட்டில் நிற்கும்? வேலைக்குப் போகிறவர்களின் கார் நிற்காது. நம்மைப் போன்றவர்களின் கார்தான் நிற்கும். ஆனால் நம் மீட்டருக்கு மணி பார்க்கத் தெரியாது. மத்தியானம் சொருகினாலும் மாலை ஏழு மணிக்குச் சொருகினாலும் அதற்கு ஒரே கணக்கு. பகலில் சார்ஜ் செய்து ஊருக்கு உபகாரம் செய்பவருக்கு ஒரு பைசா லாபம் இல்லை.

இதற்கான வழியைச் சட்டமே காட்டியிருக்கிறது. 2023 ஜூனில் மத்திய அரசு திருத்திய மின்நுகர்வோர் உரிமை விதிகளில், சூரிய ஒளி உள்ள நேரத்துக் கட்டணம் வழக்கமானதைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. விவசாயம் தவிர மற்ற நுகர்வோருக்கு 2025 ஏப்ரலுக்குள், ஸ்மார்ட் மீட்டர் வந்ததும், என்று அதில் சொன்னார்கள். 2024 பிப்ரவரியில் வந்த அடுத்த திருத்தம், மின்வாகன சார்ஜிங்குக்கு வேண்டுமென்றால் தனி இணைப்பு வாங்கிக்கொள்ளலாம் என்கிறது.

ஆகவே என் கருத்து இதுதான். வீட்டு மீட்டர் வீட்டுக்கு இருக்கட்டும். அதில் இலவசமும் சலுகையும் அப்படியே இருக்கட்டும். காருக்கு நேரம் பார்க்கத் தெரிந்த ஒரு தனி மீட்டரை, அலையவிடாமல் ஒரே விண்ணப்பத்தில் கொடுக்கட்டும். அதில் பகல் யூனிட் 5 ரூபாய், சாயங்கால நெருக்கடி நேரத்தில் 10 ரூபாய் என்று வைக்கட்டும். பகலில் சார்ஜ் செய்தால் கிலோமீட்டருக்கு 83 பைசா. தனியாள் வீடானாலும் கூட்டுக்குடும்பமானாலும் ஒரே விலை. எக்ஸ்.எல். ஓட்டுபவர் நாளைக்கு ஒரு மின்சார ஸ்கூட்டருக்கு மாறினால் அவருக்குத் தனி மீட்டர் வேண்டாம். மூன்று யூனிட் பேட்டரியை வீட்டுப் பிளக்கிலேயே போட்டுக்கொள்ளட்டும். சலுகை சேர வேண்டிய இடம் அதுதான்.

"தனி மீட்டர் என்றால் இப்போது 24 பைசாவில் ஓட்டுகிறவருக்கு நஷ்டம்தானே?" என்று கேட்பீர்கள். நஷ்டம்தான். ஆனால் பெட்ரோலுக்கு ஆறு ரூபாய் கொடுத்தவர், 83 பைசா கொடுத்தால் குறைந்துபோய்விட மாட்டார். எனக்கு அப்படி ஒரு கார் வாய்த்தாலும் இதையேதான் சொல்வேன்.

வசதி உள்ளவர்களுக்கு மாடியும் இருக்கிறது. 2024இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம். நல்ல வெயிலில் நாளுக்கு 12 யூனிட் கிடைக்கும். இரண்டு மாதத்துக்கு 700 யூனிட்டுக்குக் குறையாது. மேலே சொன்ன 333 யூனிட் கார் அதற்குள் அடங்கிவிடும். கரிசல் புழுதி தகட்டில் படியும், அதை மட்டும் அவ்வப்போது கழுவிவிட வேண்டும். வானம் பார்த்த பூமி என்று நம்மை எல்லோரும் பரிதாபமாகச் சொல்வார்கள். மழைக்காக வானம் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்த ஊருக்கு, வெயிலாவது கொஞ்சம் கூலி கொடுக்கட்டுமே.